தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த தெற்கு: அமெரிக்கத் தென்மாநிலக் கிராமங்களின் பழைய நிதானம் எங்கே போனது? (விவாத இழை)

செம்மண் நிலம் (ஜார்ஜியா):

அனைவருக்கும் வணக்கம். தென் ஜார்ஜியாவில் ஒரு சிறிய ஊரில் குடியிருக்கிறேன். இங்கே எதிரே சவ ஊர்வலம் வந்தால் கார்களும் லாரிகளும் ஓரம்கட்டி நின்றுவிடும். இறந்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டவரும் நிற்பார். கடைசி வண்டி கடந்த பிறகே கிளம்புவார். ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வாழ்க்கை முழுவதுமே இந்த வேகத்தில்தான் நடந்தது என்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

பருத்தி விதைத்து, களை கொத்தி, கோவேறு கழுதையைப் பூட்டிக் கடைசி உழவும் ஓட்டி முடித்தால், ஜூலை நடுவில் ஓர் இடைவெளி வரும். ‘லே பை’ காலம் என்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் காய் வெடிக்கத் தொடங்கும்வரை பருத்திக்காட்டில் பெரிய வேலை இல்லை. இன்று தெற்கின் பழைய வாழ்க்கை என்று ஏங்குகிறோமே, அதில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களுக்குள் நடந்ததுதான். தேவாலயங்களில் நாள் தவறாமல் நடக்கும் எழுப்புதல் கூட்டங்கள், மரத்தடியில் பந்தி, உறவினர் வீட்டில் நாள்கணக்கில் தங்கல், ஆற்றில் மீன்பிடித்தல், தர்பூசணியைக் கிணற்றுக்குள் இறக்கிக் குளிரவைத்து வெட்டுதல்.

வீடுகளையும் இதற்கேற்பவே கட்டினார்கள். தரையிலிருந்து குட்டைத் தூண்களின்மேல் தூக்கிக் கட்டுவார்கள், அடியில் காற்று ஓடுவதற்காக. ‘டாக்ட்ராட்’ வீடு என்று ஒன்று உண்டு: இருபுறமும் அறை, நடுவே முன்னும் பின்னும் திறந்த நடை, எல்லாவற்றுக்கும் மேல் ஒரே கூரை. கோடையில் சாப்பாடு, பேச்சு, புழுக்கமான இரவுகளில் படுக்கை எல்லாம் அந்த நடையில்தான். வாசல்பக்கத் தாழ்வாரத்தில் ஆடுநாற்காலிகள் கிடக்கும். மடியில் அகன்ற பாத்திரத்தை வைத்துக்கொண்டு காராமணி உரிப்பார்கள். ஊதாநிறத் தோல்கொண்ட ஒரு வகை இங்கே உண்டு. கட்டைவிரல் நகத்தால் காயைப் பிளந்து, அப்படியே விரலை ஓட்டினால் பயறு உதிரும். ஒரு மாலை உரித்தால் நகக்கண் நாள்கணக்கில் ஊதாவாகவே இருக்கும். என் பக்கத்து வீட்டு மூதாட்டி இன்றும் உரிக்கிறார். பேசப் போனால் எனக்கும் ஒரு பாத்திரத்தை நீட்டிவிடுவார். கை வேலை செய்துகொண்டிருந்தால் பேச்சில் மௌனம் வந்தாலும் உறுத்துவதில்லை. இரண்டு பேர் கால்மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது.

இதைக் குலைத்தது எது? பெரும்பாலானோர் ஏசியைத்தான் சொல்கிறார்கள். 1960இல் தெற்கில் ஐந்தில் ஒரு வீட்டுக்குக்கூட ஏசி கிடையாது. அடுத்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்துவிட்டது. ஜன்னல் மூடியது, ஆள் உள்ளே போனார், அங்கே டிவி காத்திருந்தது. எனக்கு இந்தப் பதில் போதவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

கரிசல்காட்டான் (கோவில்பட்டி பக்கம்):

செம்மண் தம்பி, படிக்கப் படிக்க எங்கள் ஊர்க் காட்டில் நிற்பது போலிருந்தது. எங்கள் பக்கத்துப் பருத்திக்கும் உங்கள் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு தென்மாநிலப் பருத்தி வெளியேற முடியாமல் போனபோது, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியைத் தேடி வந்தன. திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது. போர் முடிந்ததும் விழுந்தது. அங்கே இருந்தவர்களின் துன்பத்தில் இங்கே சிலர் காரை வீடு கட்டினார்கள்.

இரண்டு கேள்விகள். ஒன்று, ஏன் மாட்டை விட்டுக் கோவேறு கழுதை? இரண்டு, அங்கேயும் வேர்க்கடலையை அவித்துத் தின்பார்களாமே, உண்மையா?

---

செம்மண் நிலம் (ஜார்ஜியா):

அண்ணா, உண்மைதான். பச்சைக்கடலையைத் தோலோடு உப்புநீரில் மணிக்கணக்கில் வேகவைத்துச் சாலையோரத்தில் விற்கிறார்கள். அமெரிக்காவின் மற்றப் பகுதிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். தென்மாநிலத்தாரும் நாமும் ஓடிப்போய் வாங்குவோம். வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்தவை. இங்கே அடுப்படியில் நமக்குப் பழகிய வாசனை வருவதற்கு அவர்கள்தான் காரணம்.

கோவேறு கழுதை மாட்டைவிட வேகமாக நடக்கும். குதிரையைவிட வெயில் தாங்கும், தீனியும் குறைவு. குறுகிய சாலில் செடியை மிதிக்காமல் நடக்கும் என்பார்கள். தன்னால் முடியாத அளவுக்கு வேலை வாங்கினால் நின்றுவிடும், அடித்தாலும் நகராது. உழுதவனும் அப்போது நின்றுதான் ஆகவேண்டும்.

---

ஆற்றங்கரை மருத்துவர் (மிசிசிப்பி):

செம்மண் ஐயா, நீங்கள் எழுதியது அழகாக இருக்கிறது. ஆனால் அது பாதி. மீதிப் பாதியை நான் சொல்கிறேன். மிசிசிப்பி டெல்டாவில் மருத்துவம் பார்ப்பவள் நான்.

தென்மாநிலத்து ஏழை மெதுவாக நடந்ததற்கு முதல் காரணம் அவன் உடம்பில் இரத்தம் இல்லாதது. வெறுங்காலால் நடக்கும் மண்ணிலிருந்து கொக்கிப்புழு தோலைத் துளைத்து ஏறியது. 1902இல் சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்ற அறிஞர் இதை எடுத்துச் சொன்னபோது, செய்தித்தாள்கள் அதைச் ‘சோம்பல் கிருமி’ என்று எழுதின. 1909இல் எண்ணெய்த் தொழில் செல்வந்தர் ராக்பெல்லர் பத்து லட்சம் டாலர் தந்து ஓர் ஆணையம் அமைத்தார். 11 தென்மாநிலங்களில் சோதித்தபோது ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குப் புழு இருந்தது. பிறகு பெலாக்ரா என்ற நோய். மக்காச்சோள மாவு, பன்றிக் கொழுப்பு, கருப்பஞ்சாற்றுப் பாகு என்று இந்த மூன்றையே தின்றவர்களுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தியும் பேதலித்தது. தொற்றுநோய் என்று எல்லோரும் நம்பியிருந்தபோது, இது உணவின் குறை என்று 1914இலிருந்து போராடி நிரூபித்தவர் ஜோசப் கோல்ட்பெர்கர். நிலத்தின் ஓரம்வரை பருத்தி போட வைத்த நிலக்காரர்கள் காய்கறித் தோட்டத்துக்கு இடம் விடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘லே பை’ காலத்தில் ஓய்வு என்கிறீர்கள். சரி. அந்த வாரங்களில் வாரக்குடி, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழுதவர், சாப்பிட்டது யார் காசில்? மார்ச் மாதத்திலிருந்து பண்ணைக் கடையில் கடன். மாவு, உப்புக்கண்டம், மண்ணெண்ணெய், துணி எல்லாம் வட்டியோடு. விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. மீதியில் கடன் கழித்துக்கொள்ளப்படும். கணக்கு எழுதியவரும் நிலக்காரரே. கறுப்பினத்தவர் கணக்கைக் கேள்வி கேட்டால் என்ன ஆகும்? 1919இல் ஆர்கன்சாவில் இலேன் என்ற ஊருக்கு அருகே, நியாயமான கணக்குக் கேட்கச் சங்கமாகக் கூடிய வாரக்குடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர் நூறைத் தாண்டும் என்பதே பல வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

இன்னொன்று. 1930இல் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சுற்றி இருந்த 12 எழுத்தாளர்கள், தொழில்மயத்தை எதிர்த்து, தெற்கின் நிதானமான வேளாண் வாழ்வே மேலானது என்று கட்டுரைகள் எழுதித் தொகுத்து வெளியிட்டார்கள். பன்னிரண்டு பேரும் வெள்ளையர். பன்னிரண்டு பேரும் ஆண்கள். தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்கள் எழுதினார்கள். தாழ்வாரத்தைப் பெருக்கியவர்கள் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்கள்.

---

தறிக்காரர் மகள் (அலபாமா):

மருத்துவர் அக்கா சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஜீஸ் பெண்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர் அது. அங்கே வாழ்பவர்கள் ஒரு காலத்தில் அங்கிருந்த பண்ணையின் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தவர்கள். அந்த ஊர்ப் பெண்கள் கந்தலான வேலைத்துணிகளைக் கிழித்து மெத்தைவிரிப்புத் தைத்தார்கள். பலகைச் சுவர் இடுக்கில் குளிர் புகும், அதற்குத்தான். எங்கள் வீட்டில் தறி இருந்தது, துணியைப் பார்க்கத் தெரியும் எனக்கு. அந்த விரிப்புகளில் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றேன். கால்சட்டையின் நீலத் துணி முழுவதும் வெயிலில் வெளுத்திருக்கிறது. பாக்கெட் இருந்த இடத்தில் மட்டும் கருநீலம் அப்படியே சதுரமாக நிற்கிறது. முழங்கால் தேய்ந்த இடத்தைத் தவிர்த்துவிட்டு வெட்டியிருக்கிறார்கள். அளவெடுத்த வடிவம் எதுவும் இல்லை. கோடு கொஞ்சம் சாய்கிறது, சாய்ந்ததற்கு அடுத்த துண்டு பதில் சொல்கிறது. ஒருவர் மேல்பக்கத்தைத் தனியாகத் தைப்பார். பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து, பாடிக்கொண்டே அடுக்குகளைச் சேர்த்துத் தைப்பார்கள்.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இந்த ஊர் மக்கள் ஆற்றைக் கடந்து போகத் தொடங்கியதும், 1962இல் படகுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். போய்ச்சேர ஒரு மணி நேரத்துக்குமேல் சுற்ற வேண்டும். படகு மறுபடி ஓடியது 2006இல்தான்.

இந்தப் பெண்களின் நிதானமும் தெற்கின் நிதானம்தான். அதைப் பண்ணைக்காரர் கொடுக்கவில்லை.

---

செம்மண் நிலம் (ஜார்ஜியா):

மருத்துவர் அம்மா, நீங்கள் சொன்ன அத்தனையும் இந்த இழைக்குள் இருந்தே ஆகவேண்டும். தறிக்காரர் மகள் கடைசியாகச் சொன்ன வரியைத்தான் நான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன்.

1910களிலிருந்து 1970வரை ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுப் போனார்கள். போனவர்கள் சும்மா போகவில்லை. உயிருக்குப் பயந்தும் மானத்துக்காகவும் போனார்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் கோடையில் இங்கே திரும்பி வருகிறார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு முன்னால் மிச்சிகன், இல்லினாய், ஒஹாயோ எண்கொண்ட கார்கள் நிற்கும். குடும்பப் பெயர் அச்சிட்ட ஒரே நிறச் சட்டையில் நான்கு தலைமுறை ஒன்றாக நிற்கும். ஏன் அந்த மாதங்கள்? பருத்திக்காட்டை யாரும் கொத்தாத இந்தக் காலத்திலும், ‘லே பை’ காலத்து நாட்காட்டியை அவர்கள் விடவில்லை. பண்ணைக்கடையை நினைத்து யாரும் வரவில்லை. பாட்டி செய்த கீரைச்சாற்றில் மக்காச்சோள ரொட்டியைத் தோய்த்துத் தின்பதற்கும், கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்குவதற்கும், மரத்தடியில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன உறவு என்று அலசுவதற்கும் வருகிறார்கள்.

ஆகையால் எனக்குத் தோன்றுவது இது. இரண்டு வகை மெதுவைப் போட்டுக் குழப்புகிறோம். ஒன்று பசியும் புழுவும் வெயிலும் உண்டாக்கியது. அது ஒழிந்தது நல்லது. மற்றது, பயிர் விட்டுக்கொடுத்த இடைவெளியில் மக்கள் தாங்களாகச் சேர்ந்து உண்டாக்கியது. இந்த இரண்டாவது, கறுப்பினத்தவர் ஊரிலும் இருந்தது, ஏழை வெள்ளையர் ஊரிலும் இருந்தது. நிலக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் அது இருந்தது என்று படம் வரைந்ததுதான் பிழை.

அந்த இடைவெளியை மூடியது ஏசி மட்டும் இல்லை. 1944 அக்டோபரில், மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில், பருத்தி எடுக்கும் இயந்திரங்களை ஓட்டிக் காட்டினார்கள். நல்ல ஆள் ஒரு மணி நேரத்தில் 20 பவுண்டு எடுத்தால், இயந்திரம் 1,000 பவுண்டு எடுத்தது. ஐம்பது பேர் வேலை. ஐம்பது பேருக்கும் வேலை போனதும் ஓய்வும் போனது. ஓய்வு பயிரோடு கட்டப்பட்டிருந்ததே! 1920 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் 9 லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கில். இன்று நாடு முழுவதும் சேர்த்து 50 ஆயிரத்தைத் தொடுவதே கடினம். ஏக்கம் என்றால் எனக்கு இதற்காகத்தான் வருகிறது. ஆடுநாற்காலி இன்றும் கடையில் கிடைக்கிறது.

---

ஆற்றங்கரை மருத்துவர் (மிசிசிப்பி):

ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. “மக்கள் தாங்களாகச் சேர்ந்து” என்கிறீர்கள். பக்கத்து ஊர் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மரத்தடியில் உட்காரவில்லை. சட்டமும் விடவில்லை, வழக்கமும் விடவில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நிறம் இருந்தது.

---

மின்கம்பம் (டென்னசி, ஓய்வு):

மின்துறையில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. தெற்கில் இன்னும் குறைவு. ஆளில்லாத சாலையில் கம்பி இழுத்தால் கட்டாது என்று கம்பெனிகள் மறுத்துவிட்டன. ஜார்ஜியாவில் வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊரில், பின்னாளில் அதிபரான ரூஸ்வெல்ட்டுக்கு ஒரு சிறிய வீடு இருந்தது. அங்கே யூனிட்டுக்கு 18 சென்ட் கேட்டார்கள், நியூயார்க் மாநிலத்து வீட்டில் கொடுத்ததைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்தப் பில்லில்தான் கிராம மின்மயத் திட்டம் பிறந்தது என்று 1938இல் அவரே பேசினார். 1935இல் அந்தத் திட்டத்துக்கான அரசு நிர்வாகம் அமைந்தது. விவசாயிகள் கூட்டுறவு சங்கம் வைத்துத் தாங்களே கம்பம் நட்டார்கள்.

எல்லோரும் விளக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் சலவையைப் பற்றிப் பேசுகிறேன். திங்கட்கிழமை சலவை நாள். கிணற்றில் இறைத்து, முற்றத்தில் இரும்புக் கொப்பரையில் காய்ச்சி, பன்றிக் கொழுப்பும் சாம்பல்காரமும் சேர்த்து வீட்டிலேயே செய்த சோப்பால் கை வெந்துபோகத் துவைப்பார்கள். செவ்வாய்க்கிழமை இஸ்திரி. இரும்பை விறகடுப்பில்தான் சூடாக்க வேண்டும். ஜூலை மாதத்தில், நான்கு சுவருக்குள். அந்த வீட்டுப் பெண்களிடம் “பழைய காலம் மெதுவாகப் போனதா?” என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? எங்கள் பகுதியில் ஒரு பாட்டி, மின்சாரம் வந்த பிறகுதான் தான் தாழ்வாரத்தில் உட்கார்ந்ததாகச் சொன்னார்.

---

புறநகர் இளைஞன் (வட கரோலைனா):

பெரியவர்களே, சிறிய தகவல். எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் முன்தாழ்வாரம் இருக்கிறது. விளம்பரத்திலும் அதைத்தான் போட்டிருந்தார்கள். நாற்காலி போட்டால் கால் நீட்ட இடம் இல்லை. ஆழம் நான்கடி. படம் எடுப்பதற்காகக் கட்டியது. நான் காரேஜ் கதவைத் திறந்துவைத்து, வாசலில் இரண்டு மடக்கு நாற்காலி போட்டு உட்காரத் தொடங்கினேன். இப்போது தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

---

கரிசல்காட்டான் (கோவில்பட்டி பக்கம்):

மின்கம்பம் ஐயா சொன்ன பாட்டிக்கு என் வணக்கம். என் அம்மாவும் அதையே சொல்வார்.

செம்மண் தம்பி, பாட்டைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அந்த மரத்தடியில் பாடாமலா இருந்திருப்பார்கள்?

---

செம்மண் நிலம் (ஜார்ஜியா):

பாடாமலா, அண்ணா! 1844இல் ஜார்ஜியாவில் தொகுக்கப்பட்ட ‘சேக்ரட் ஹார்ப்’ என்ற பாட்டுப் புத்தகத்தை வைத்து இன்றும் பாடுகிறார்கள். அதில் ஸ்வரங்களுக்கு வடிவம் உண்டு: முக்கோணம் ஃபா, வட்டம் ஸோல், சதுரம் லா, வைரம் மி. இசைக்குறிப்புப் படிக்கத் தெரியாதவரும் வடிவத்தைப் பார்த்துப் பாடிவிடலாம் என்று செய்த ஏற்பாடு. முதலில் ஸ்வரத்தையே ஒரு சுற்றுப் பாடுவார்கள், பிறகுதான் சொற்கள். வாத்தியம் கிடையாது. நான்கு குரல்காரர்களும் நான்கு பக்கமாக, உள்ளே பார்த்து உட்காருவார்கள். நடுவில் நின்று தாளம் காட்டுவது ஒருவர் வேலை அன்று. ஒவ்வொருவராக மாறிக்கொண்டே இருப்பார்கள், பத்து வயதுக் குழந்தைக்கும் முறை வரும். கேட்பவர் கூட்டம் என்று தனியாக இல்லை. வந்தவர் எல்லோரும் பாட வேண்டியதுதான். குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தொண்டையைத் திறந்து, சுவர் அதிரப் பாடுகிறார்கள்; நடுவில் நின்றால் நெஞ்சு எலும்பில் உணர முடிகிறது. கறுப்பினத்தவரிடையேயும் இந்த வடிவ ஸ்வரப் பாட்டுக்கு அலபாமாவின் தென்கிழக்கில் தனி மரபு உண்டு.

ஆண்டில் இறந்துபோனவர்களின் பெயர்களை ஓரிடத்தில் நிறுத்தி வாசித்து, அவர்களுக்காகப் பாடுவார்கள். பிறகு மதியம் வெளியே மரத்தடியில் நீண்ட மேசை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம். சாப்பிட்டு முடித்து மறுபடி பாட்டு.

---

தறிக்காரர் மகள் (அலபாமா):

எனக்குப் போக வேண்டும் போலிருக்கிறது. தெரியாதவர்கள் போகலாமா? தேவாலயத்தைச் சேராதவள் நான்.

---

செம்மண் நிலம் (ஜார்ஜியா):

தாராளமாகப் போகலாம், அம்மா. நானும் சேராதவன்தான். அலபாமாவில் சேண்ட் மவுண்டன் பகுதியில் கோடையில் பல கூட்டங்கள் நடக்கும். உங்களுக்குக் காரில் போகிற தூரம். டிக்கெட் எதுவும் இல்லை. பாட்டுப் புத்தகம் இரவலாகத் தருவார்கள். முதல் தடவை, நான்கு குரல்களில் ஒன்றான டெனர் குரல்காரர்களின் பக்கத்தில், பின்வரிசையில் உட்காருங்கள். மெட்டு அங்கேதான் இருக்கும், பிடித்துக்கொள்வது எளிது. பக்கத்தில் இருப்பவர் விரலால் வரியைக் காட்டுவார். மதியத்துக்கு ஏதாவது ஒரு பாத்திரம் கொண்டுபோக வேண்டும். சென்ற முறை நான் எலுமிச்சைச் சோறு கொண்டுபோனேன், முதல் சுற்றிலேயே தீர்ந்துவிட்டது. அடுத்த முறை இரண்டு மடங்கு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் வருவதாக இருந்தால் தயிர்ச்சோறு உங்கள் பொறுப்பு. மருத்துவர் அம்மாவும் வரவேண்டும். பாடாவிட்டாலும், அந்த மேசையில் யார் யார் சேர்ந்து உட்காருகிறார்கள், யார் இன்னும் உட்காரவில்லை என்று பார்த்து எழுத உங்களைப் போன்ற ஒருவர் தேவை.